விளையாட்டு வீரரின் போதைச் சிக்கல் எப்போது செய்தியாகும்?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பெயர்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவரைப் போதைப்பொருளோடு சேர்த்து ஒரு வரி வெளிவந்துவிட்டால் போதும், அன்றிரவே வட்ஸ்அப் குழுக்களில் வாதம் தொடங்கிவிடும். "பொதுவாழ்க்கைக்கு வந்தவர்தானே, எழுதினால் என்ன?" என்பார் ஒருவர். "பாவம், பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு, விட்டுவிடுங்கள்" என்பார் இன்னொருவர். கடைசியில் யாராவது "உண்மையைத்தானே போட்டிருக்கிறார்கள்" என்று சொல்ல, அதோடு பேச்சு முடிந்ததாகக் கொள்ளப்படும். இந்த வாதங்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஊடக அறம் கேட்கின்ற கேள்வியை இவற்றுள் ஒன்றுகூடத் தொடுவதில்லை. அந்தக் கேள்வி என்ன, செய்தி மேசையில் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை, ஊடகத்துறையில் இல்லாத வாசகர்களுக்கும் ஊர்ச் செய்திக்கென்று முகநூற் பக்கம் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்ணக்கரின் கணக்கும் வண்ணக்கரின் காய்ச்சலும்

ஊர்க் கோயிலில் ஒருவர் வண்ணக்கராக, அதாவது கோயிலின் பணத்துக்கும் பொருளுக்கும் பொறுப்பாளராக, இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் என்று வைத்துக்கொண்டாலும் கதை மாறாது. திருவிழா முடிந்ததும் வரவு செலவை அவர் ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். உண்டியல் எப்போது திறக்கப்பட்டது, நகைகள் யார் பொறுப்பில் இருக்கின்றன, பந்தல்காரருக்கு ஏன் இவ்வளவு கொடுக்கப்பட்டது என்று கூட்டத்தில் எவரும் எழுந்து கேட்கலாம். ஆனால் அவருக்கு நீரிழிவு இருக்கிறதா, இரவில் தூக்கம் வருகிறதா, மனைவியோடு பேச்சு இருக்கிறதா என்று கேட்க அங்கே யாருக்கும் உரிமையில்லை. பதவி ஏற்ற நாளில் அவர் ஒப்படைத்தது கணக்குப் புத்தகத்தை மட்டுமே, வீட்டுச் சாவியை அல்ல.

இனி, அதே வண்ணக்கர் சூதாட்டக் கடனை அடைக்கக் கோயில் நகையை அடகு வைத்துவிட்டார் என்று கொள்வோம். நேற்றுவரை அவருடைய சொந்தத் துன்பமாக இருந்த சூதாட்டம் இன்று ஊர் விடயமாகிறது. அப்படி ஆவதற்குக் காரணம் அவர் பெரிய மனிதர் என்பதல்ல. அந்தப் பழக்கம் ஊர் அவரிடம் ஒப்படைத்த பொருளைத் தொட்டுவிட்டது என்பதே. அப்போதுகூட ஊர் அறிய வேண்டியவை நகை எங்கே இருக்கிறது, எப்படி மீட்பது, இனிமேல் பெட்டகச் சாவி யார் கையில் இருக்கும் என்பவைதான். அவர் எந்த வைத்தியரிடம் போகிறார், அங்கே என்ன சொல்லி அழுதார் என்பவை அப்போதும் ஊருக்கு உரியவை அல்ல.

நாம் பேச வந்த விடயத்தின் அச்சாணி இதுதான். ஒருவருடைய சொந்தச் சிக்கலுக்கும் அவர் வகிக்கும் பொதுப் பொறுப்புக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொடர்பு இருந்தால், அதை விளக்குவதற்கு எவ்வளவு தகவல் தேவையோ அவ்வளவை மட்டும் வெளியிட வேண்டும்.

அடிக்கடி குழம்பிப் போகும் சொற்கள்

தனியுரிமை என்பது, தன்னைப் பற்றிய தகவலை யாரிடம், எப்போது, எந்த அளவுக்குச் சொல்வது என்று தீர்மானிப்பதற்கு ஒருவருக்குள்ள உரிமை. இரகசியம் என்பது வேறு. ஒருவர் குடிப்பது அவருடைய தெருவுக்கே தெரிந்திருக்கலாம். தெரு அறிந்திருப்பதால் அது நாடு முழுவதும் அறிவிக்கப்பட வேண்டிய தகவல் ஆகிவிடுவதில்லை. "ஊருக்கே தெரிந்த கதைதானே" என்ற சமாதானம் செய்தியறைகளில் மிக எளிதாக எடுபடுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொதுநலன் என்பது, ஒரு தகவல் தெரியாமற் போனால் மக்களுக்கு, அவர்களுடைய பணத்துக்கு, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு, போட்டியின் நேர்மைக்கு ஏதேனும் கேடு உண்டாகும் என்ற நிலை. வாசகர்கள் ஆவலோடு படிப்பார்கள் என்பது பொதுநலனில் சேராது. அடுத்த வீட்டுச் சண்டையைக்கூட ஆவலோடுதான் கேட்போம்.

இலங்கையில் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கத்தின் நடத்தைக் கோவை, தனிநபரின் குடும்ப வாழ்க்கை, உடல்நலம் போன்றவற்றை மதிக்க வேண்டும் என்றும், அதை மீறுவதற்கு மேலோங்கிய பொதுநலன் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. சட்டமும் "உண்மைதானே" என்ற ஒற்றை வாதத்தோடு நின்றுவிடுவதில்லை. 2002ஆம் ஆண்டில் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்ட பிறகும் குடியியல் வழக்கு எஞ்சியிருக்கிறது. அதற்கு அடிப்படையாக உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, சொன்னது உண்மை என்று நிறுவினால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். வட்ஸ்அப் வாதத்தை முடித்துவைக்கும் அந்தக் கடைசி வரி நீதிமன்றத்தில் பாதித் தூரந்தான் போகும்.

நோய், பாவனை, ஊக்கமருந்து

தலைப்புகளில் மிக அதிகமாகக் கலக்கப்படுபவை இவை. அடிமைநிலை என்பது, கேடு வருகிறது என்று தெரிந்தும், விட வேண்டும் என்று விரும்பியும், பாவனையைத் தன் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்க முடியாமற் போகும் நோய்நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் மது, போதைப்பொருள் ஆகியவற்றோடு சூதாட்டமும் இடம்பெற்றிருக்கிறது. இதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். ஒருவர் ஒருமுறையோ பலமுறையோ ஒரு பொருளைப் பாவித்தார் என்று தெரியவருவது பாவனை பற்றிய தகவல் மட்டுமே; "போதைக்கு அடிமை" என்று எழுதும் நிருபர் அந்த இடத்தில் தானே வைத்தியராகிவிடுகிறார்.

ஊக்கமருந்து என்பது விளையாட்டுத் திறனைச் செயற்கையாகக் கூட்டுவதற்கு எடுக்கப்படும், அல்லது விளையாட்டு விதிகளால் தடைசெய்யப்பட்ட பொருள். இங்கே குற்றச்சாட்டு ஏமாற்றுதல் பற்றியது. போதைப் பாவனையும் ஊக்கமருந்தும் வேறானவை என்பதை விளையாட்டு விதிகளே இப்போது ஏற்றுக்கொள்கின்றன. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கோவை கொக்கெய்ன், ஹெரோயின், எக்ஸ்டசி, கஞ்சாவின் போதைக்கூறு ஆகியவற்றைத் தனி வகையாகப் பிரித்தது. போட்டி நேரத்துக்கு வெளியே, விளையாட்டுத் திறனோடு தொடர்பில்லாமல் பாவித்தது நிறுவப்பட்டால் தடை மூன்று மாதம். சிகிச்சைத் திட்டத்தை நிறைவு செய்தால் அது ஒரு மாதமாகவும் குறையலாம். ஏமாற்றுகிறவருக்குப் பல ஆண்டுகள், நோயாளியாக இருக்கக்கூடியவருக்குச் சிகிச்சை என்பதே இதன் பொருள்.

தென்னாபிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ககிசோ ரபாடா 2025 ஏப்ரலில் ஐபிஎல் தொடரிலிருந்து சொந்தக் காரணங்களுக்காக நாடு திரும்பினார். மே மாதத் தொடக்கத்தில், பொழுதுபோக்குக்காகப் பாவிக்கப்படும் போதைப்பொருள் ஒன்று சோதனையில் கண்டறியப்பட்டதாக அவரே அறிக்கை விட்டார். சிகிச்சைத் திட்டத்தை முடித்து, ஒரு மாதத் தடையோடு திரும்பிய அவர், ஜூன் மாதத்தில் லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் இறுதிப் போட்டியில் ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரை "ஊக்கமருந்தில் சிக்கியவர்" என்று எழுதியிருந்தாலும் தவறு, "போதை அடிமை" என்று எழுதியிருந்தாலும் தவறு.

சோதனை முடிவு என்பதே இறுதித் தீர்ப்பு என்று எழுதுவதிலும் ஆபத்து உண்டு. நம் நாட்டின் குசல் பெரேரா 2015 டிசம்பரில் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் இடைநிறுத்தப்பட்டு, நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். 2016 மே மாதத்தில் ஆய்வுகூடத்தின் கண்டுபிடிப்பு நிலைநிற்காதது எனத் தெரியவர, சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் எழுதப்பட்டவற்றை யாரும் திருப்பி அழைக்கவில்லை.

ஆகவே எழுதத் தொடங்குமுன் கையிலிருப்பது பாவனை பற்றிய தகவலா, வைத்தியரால் உறுதிசெய்யப்பட்ட நோய் பற்றிய தகவலா, விதிமீறல் பற்றிய தகவலா என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே செய்திக்குள் ஐந்து தகவல்கள்

இந்த விடயத்தை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய வழக்கு ஒரு விளையாட்டு வீரருடையதல்ல. பிரித்தானிய மாடல் அழகி நயோமி கெம்பலுடையது. ஆனாலும் இதைவிட நல்ல பாடம் இத்துறையில் இல்லை என்பது என் கருத்து. தான் போதைப்பொருள் பாவிப்பதில்லை என்று அவர் பகிரங்கமாகச் சொல்லிவந்தார். 2001 பெப்ரவரியில் டெய்லி மிரர் பத்திரிகை, அவர் போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோரின் கூட்டங்களுக்குச் செல்வதாகச் செய்தி வெளியிட்டது. கூட்டம் முடிந்து அவர் வெளியே வரும் படமும் கூடவே வந்தது.

வழக்கில் அந்தச் செய்தி ஐந்து துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது. அவருக்குப் போதைச் சிக்கல் இருந்தது என்பது முதலாவது. அதற்காகச் சிகிச்சை பெறுகிறார் என்பது இரண்டாவது. எந்த அமைப்பின் கூட்டத்துக்குப் போகிறார் என்பது மூன்றாவது. எவ்வளவு காலமாக, எத்தனை தடவை என்பன போன்ற விவரங்கள் நான்காவது. இரகசியமாக எடுக்கப்பட்ட படம் ஐந்தாவது. முதல் இரண்டையும் வெளியிட்டது தவறு என்று அவருடைய தரப்பே வாதிடவில்லை. பொதுமக்களிடம் பொய் சொன்னவரைத் திருத்தும் உரிமை பத்திரிகைக்கு உண்டு என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. வழக்கு எஞ்சிய மூன்றைப் பற்றியது. 2004 மே மாதத்தில், அப்போது பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், அந்த மூன்றும் எல்லை மீறியவை என்று தீர்ப்பளித்தார்கள். நட்டஈடு 3,500 பவுண்தான்; தீர்ப்பின் கனம் தொகையில் இல்லை.

இத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. நமக்கு வேண்டியது அதன் சிந்தனை முறை. ஒரு செய்தியை மொத்தமாக வைத்துக்கொண்டு "போடலாமா, விடலாமா" என்று கேட்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகவலையும் தனித்தனியே எடுத்து, "இது இல்லாவிட்டால் வாசகருக்குத் தேவையான எது குறையும்?" என்று கேட்க வேண்டும். சிகிச்சை நடக்கும் இடத்தை வெளியிடும்போது பாதிக்கப்படுபவர் அந்த வீரர் மட்டுமல்ல என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. அதே கதவால் நாளைக்கு உள்ளே போக நினைத்திருந்த கடைக்காரரும் ஆட்டோ சாரதியும் வாசலில் கமரா நிற்கக்கூடும் என்று எண்ணித் திரும்பிப் போவார்கள். மனநலச் சிகிச்சைக்கு ஊரில் போனால் ஆட்கள் பார்ப்பார்கள் என்று இரண்டு பஸ் மாறி வேறு மாவட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

தொடர்பு எப்போது உண்டாகிறது?

இங்கிலாந்து உதைபந்தாட்ட வீரர் ஐவன் டோனிக்கு 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. உதைபந்தாட்டப் போட்டிகளில் பந்தயம் கட்டக்கூடாது என்ற விதியை அவர் 232 தடவை மீறியதை ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்குச் சூதாட்ட அடிமைநிலை இருப்பதாக வைத்திய நிபுணர் அளித்த சான்றின் காரணமாகத் தண்டனை மூன்று மாதம் குறைக்கப்பட்டது என்பதும் ஒழுக்காற்றுக் குழுவின் எழுத்துமூலத் தீர்ப்பிலேயே வெளிவந்தது. இங்கே தொடர்பு நேரடியானது. விளையாடும் வீரர் அதே விளையாட்டில் பந்தயம் கட்டுவது போட்டியின் நேர்மையைத் தொடுகிறது. நோய் தண்டனைக் குறைப்புக்கான காரணமாகப் பொது ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது. நோயை மறைத்து எழுதினால்தான் செய்தி குறைபட்டிருக்கும்.

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் அலெக்ஸ் ஹேல்ஸின் விடயம் இவ்வளவு நேரானதல்ல. 2019 ஏப்ரலில், உலகக் கிண்ணத்துக்குச் சில வாரங்களே இருக்கையில், அவர் சொந்தக் காரணங்களுக்காக ஒதுங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டது. பின்னர் கார்டியன் பத்திரிகை, பொழுதுபோக்குப் போதைப்பொருள் சோதனையில் அகப்பட்டதற்காக 21 நாள் தடையை அவர் அனுபவித்து வருவதை வெளியிட்டது. சில நாட்களில் அவர் எல்லா இங்கிலாந்து அணிகளிலிருந்தும் நீக்கப்பட்டார். அந்தச் சோதனைகள் இரகசியமாக வைக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. வீரர்கள் பயமின்றி உதவி தேட வேண்டும் என்பதே அது. மறுபுறம், தேசிய அணியின் வீரர் ஒருவர் ஏன் ஆடவில்லை என்பதற்கு மக்களிடம் சொல்லப்பட்ட காரணம் முழுமையானதல்ல. தடை இருக்கிறது என்பதை வெளியிட்டதில் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பொருள், யாரோடு, எங்கே என்று அதைத் தொடர்ந்து தோண்டுவதற்கு அந்த நியாயம் நீளாது. இவ்விடயத்தில் என்னோடு உடன்படாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதமும் பலவீனமானதல்ல.

நம் ஊர்களில் தொடர்பு பெரும்பாலும் வேறு இடத்தில் தோன்றும். ஓய்வுபெற்ற கரப்பந்தாட்ட வீரர் ஒருவர் மாலையில் வீட்டில் குடிப்பது அவர் வீட்டுத் துன்பம். அதே மனிதர் பாடசாலை அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்து, வெளிமாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் வேனில் நிதானமில்லாமல் ஏறினால், பெற்றோருக்கு அதை அறியும் உரிமை உண்டு. கழகத்துக்குக் கிடைத்த நிதியைப் போதைக்குச் செலவழித்த செயலாளர் பற்றியும் கேட்கலாம். கைது செய்யப்பட்டு நீதிமன்றில் முற்படுத்தப்பட்டவரின் குற்றச்சாட்டை, குற்றச்சாட்டு என்ற அளவில் எழுதலாம். நீதிமன்ற நடவடிக்கை பொதுவானது. நீதவான் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பிய பிறகு அங்கே நடப்பது மீண்டும் அவருடைய சொந்த விடயம். பதினெட்டு வயது நிறையாத பாடசாலை வீரர்களைப் பொறுத்தவரை, அடையாளம் தெரியும்படி எதுவும் எழுதவே கூடாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

பெயர் போடாவிட்டால் போதுமா?

கொழும்பில் இருந்து எழுதப்படும் வழிகாட்டிகள் பலவற்றில் அதிகம் பேசப்படாததும் நம் கரையோர ஊர்களுக்கு மிகவும் முக்கியமானதும் இதுதான். பின்வரும் வரியை ஒரு கற்பனைச் செய்தியாக எடுத்துக்கொள்வோம்:

"கல்குடாப் பகுதியைச் சேர்ந்த, மாவட்ட உதைபந்தாட்ட அணியின் முன்னாள் கோல்காப்பாளரும் மூன்று பிள்ளைகளின் தந்தையுமான பிரபல வீரர் ஒருவர் ஐஸ் போதைக்கு அடிமையான நிலையில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார்."

பெயர் இல்லை. எழுதியவர் தான் கவனமாக நடந்துகொண்டதாகவே நினைத்திருப்பார். ஆனால் "கல்குடா" என்றதும் ஆட்கள் சில ஆயிரமாகச் சுருங்கிவிடுகிறார்கள். "மாவட்ட அணி" என்றதும் இருபது முப்பது பேராகிறார்கள். "கோல்காப்பாளர்" என்ற சொல் வந்தவுடன் இருவரோ மூவரோதான் மிஞ்சுவார்கள். அவர்களுள் மூன்று பிள்ளைகள் உள்ளவர் யார் என்பதை மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை போட்டி பார்க்க வந்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார். இன்னும் மோசமானது, அந்த இருவர் மூவரில் எந்தச் சிக்கலும் இல்லாதவர் மீதும் சந்தேகம் விழுவது. பெயர் போட்டிருந்தால் ஒருவர் மட்டும் பாதிக்கப்பட்டிருப்பார். அரைகுறையாக மறைத்ததால் ஒரு அணியே பாதிக்கப்படுகிறது.

நம் பக்கத்தில் ஆண்கள் மனைவியின் வீட்டோடு வாழப்போவது வழக்கம். தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் அப்படித்தான். ஆகையால் ஒருவரை ஊர் "இன்னாருடைய மருமகன்" என்றே அடையாளங்காணும். ஒரு வரிச் செய்தி அவரோடு நின்றுவிடாமல் மாமனார் வீடு, மனைவியின் தங்கையின் கலியாணப் பேச்சு, அந்த வீட்டின் குடி (தாய்வழிக் குலம்) என்று போய்க்கொண்டேயிருக்கும். இவர்களில் எவரும் விளையாடியதில்லை, எவரும் பொதுவாழ்க்கைக்கு வந்ததில்லை.

ஆகவே பெயரை மறைப்பது என்று முடிவெடுத்தால் உண்மையாகவே மறைக்க வேண்டும். ஊர், கழகம், விளையாடிய இடம், குடும்ப விவரம் ஆகியவற்றுள் எது எதோடு சேர்ந்தால் ஆள் தெரியவரும் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடமே வாசிக்கக் கொடுத்துக் கேட்பது மிகச் சிறந்த சோதனை. அவரால் கண்டுபிடிக்க முடிந்தால், வரியைத் திருப்பி எழுத வேண்டும்.

அவரே சொன்னால்?

பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வசிம் அக்ரம், ஓய்வுபெற்ற பின் தனக்கு ஏற்பட்ட கொக்கெய்ன் பழக்கத்தைப் பற்றி 2022ஆம் ஆண்டில் தன் சுயசரிதையில் தானே எழுதினார். 2009இல் தன் மனைவி ஹுமா இறந்த பிறகு அதை விட்டுவிட்டதாகவும் சொன்னார். ஆர்சனல் உதைபந்தாட்டக் கழக வீரர் போல் மேர்சன் 1994 நவம்பரில் மது, கொக்கெய்ன், சூதாட்டம் ஆகிய மூன்றுக்கும் தான் அடிமைப்பட்டிருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, சிகிச்சை பெற்று, 1995 பெப்ரவரியில் மீண்டும் களமிறங்கினார். மதுவால் ஈரல் கெட்டு மரணப்படுக்கையில் இருந்த முன்னாள் உதைபந்தாட்ட வீரர் ஜோர்ஜ் பெஸ்டின் படம் 2005 நவம்பரில் வெளிவந்தது. தன்னைப்போல் யாரும் சாகக்கூடாது என்ற எச்சரிக்கையாக, அவருடைய விருப்பத்தின் பேரில்.

இவற்றில் கதை சொல்லும் நேரத்தையும் அளவையும் வீரரே தீர்மானித்தார். அவர் சொன்னதை எழுதலாம். அவர் சொல்லாமல் விட்டதைத் தோண்டுவதற்கு அது அனுமதிச்சீட்டு அல்ல. வீரர் தன் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசினார் என்பதற்காக அவருடைய மனைவியின் வாயைக் கிளறப்போவது தனிச் செயல், அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும்.

சம்மதம் என்பது விளைவை விளங்கிக்கொண்டு, நிதானத்தில் இருக்கும்போது தரப்படுவது. போதையிலோ, மருந்தை நிறுத்திய முதல் நாட்களின் நடுக்கத்திலோ இருக்கும் ஒருவர் கமராவுக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். அதைப் பதிவுசெய்த நிருபர், சில நாட்கள் கழித்து அவர் தெளிந்திருக்கும்போது போய்த் திரும்பவும் கேட்க வேண்டும். பிரதேச நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வெளிவந்த செய்திக்குத்தான் பணம். காத்திருக்கச் சொல்வது எளிது, காத்திருப்பது அவர்களுக்கு நட்டம். இந்த நட்டத்தைச் சுமக்க வேண்டியது நிறுவனம்.

தகவல் வந்த வழி

செய்தி எவ்வளவு சரியாக இருந்தாலும் அது கிடைத்த வழி கெட்டதாயிருந்தால் கெட்டதுதான். இங்கிலாந்தின் முன்னாள் உதைபந்தாட்ட வீரர் போல் காஸ்கோய்ன் மதுப் பழக்கத்தோடு நெடுங்காலம் போராடியவர். தன் தொலைபேசியை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, அது மனப்பிரமை என்றே சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். பிற்பாடு மிரர் குழுமப் பத்திரிகைகள் அவருடைய குரல் அஞ்சல்களை உண்மையிலேயே ஒட்டுக்கேட்டது நிறுவப்பட்டு, 2015 மே மாதத்தில் அவருக்கு 188,250 பவுண் நட்டஈடு தீர்க்கப்பட்டது. நோயாளி ஒருவரின் நோயைப் பற்றி எழுதவந்தவர்கள் அந்த நோயை மேலும் கூட்டியதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இங்கே யாரும் தொலைபேசி ஒட்டுக்கேட்பதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. வைத்தியசாலை ஊழியர் ஒருவர் கட்டில் அட்டையைப் படம்பிடித்து அனுப்பிவிடுவார். 2023 டிசம்பரில் தொடங்கிய, போதைப்பொருளுக்கு எதிரான "யுக்திய" பொலிஸ் நடவடிக்கையின்போது, சோதனையிடப்பட்ட வீடுகளுக்குள் தொலைக்காட்சிக் கமராக்களும் போயின. பொலிஸார் கூட்டிச்சென்றார்கள் என்பது ஒரு வீட்டின் படுக்கையறையைக் காட்டுவதற்கான அனுமதி ஆகாது.

வழிப்போக்கர் எடுத்த காணொளிகளும் இந்த வகைதான். 2024 ஓகஸ்டில் இந்திய முன்னாள் கிரிக்கெட் வீரர் வினோத் காம்ப்ளி நடக்கத் தடுமாறும் காணொளி பரவியபோது, அது குடிபோதைதான் என்று ஆயிரக்கணக்கானோர் தீர்ப்பெழுதினார்கள். டிசம்பரில் அவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டபோது மூளையில் இரத்தக் கட்டிகள் இருப்பதாக வைத்தியர்கள் தெரிவித்தார்கள். மதுப் பழக்கத்தைப் பற்றி அவரே முன்பு பேசியவர் என்பது வேறு விடயம். அந்தக் காணொளி எந்த நோயையும் நிறுவவில்லை. பக்கவாதம், தாழ்ந்த சர்க்கரை, நரம்பு நோய் எல்லாமே தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தள்ளாட்டமாகத்தான் தெரியும்.

எழுதாமல் விடுவதிலும் தவறு உண்டு

தனியுரிமை என்ற பெயரில் நட்சத்திரங்களைக் காப்பாற்றும் பழக்கம் நம்மிடம் இருப்பதையும் சொல்லாமல் விடமுடியாது. காயத்தோடு ஆடவைக்க வலிநிவாரணி ஊசிகளை அள்ளிக்கொடுக்கும் அணி நிர்வாகம், வெற்றிக் கொண்டாட்டத்தில் பதினாறு வயதுப் பையனின் கையில் போத்தலைத் திணிக்கும் கழக மூத்தவர்கள், பந்தய நிறுவனங்களின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு நடக்கும் தொடர்கள் ஆகியவை எல்லாம் தனியுரிமைக்கு வெளியே நிற்கும் செய்திகள். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார விளம்பரங்களைத் தடைசெய்திருக்கிறது. அது மைதானங்களில் எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்று கேட்பதற்கு எந்த நோயாளியின் பெயரும் தேவையில்லை. தனி மனிதரின் வீழ்ச்சியை எழுதுவது சுலபம், அவர் வழக்குப் போடமாட்டார். நிறுவனத்தைப் பற்றி எழுதுவதற்கு ஆதாரமும் துணிவும் வேண்டும். ஆகவேதான் பக்கங்கள் முதலாவது வகையால் நிரம்பி வழிகின்றன.

வெளியான பிறகு

முன்பு பத்திரிகை மறுநாள் கடலை சுற்றப் போய்விடும். இப்போது அப்படியில்லை. மீண்டுவந்து, ஐந்தாறு ஆண்டு போதையைத் தொடாமல் இருந்து, பயிற்றுவிப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரின் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தப் பழைய தலைப்புத்தான். செய்தி அன்று நியாயமாக வெளியிடப்பட்டதென்றால் அதை அழிக்க வேண்டியதில்லை. பின்னர் நடந்ததைத் திகதியோடு அதே பக்கத்தின் மேற்பகுதியிலேயே சேர்க்க வேண்டும். குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தால் தலைப்பிலேயே அது தெரிய வேண்டும். நியாயமில்லாமல் வெளியிடப்பட்டதென்றால் நீக்கிவிடுவதே முறை. முதற்செய்தி எந்த முகநூற் பக்கத்தில் பகிரப்பட்டதோ அதே பக்கத்தில் திருத்தமும் பகிரப்பட வேண்டும். மூலத்தை இருபதாயிரம் பேரும் திருத்தத்தை இருநூறு பேரும் பார்ப்பது திருத்தம் ஆகாது.

பத்திரிகை ஒன்று எல்லை மீறியதாகக் கருதும் வீரரோ குடும்பத்தவரோ, 2003இல் அமைக்கப்பட்ட இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவிடம் முறையிடலாம். பத்திரிகைத் துறையே தன்னை ஒழுங்குபடுத்த உருவாக்கிக்கொண்ட அமைப்பு அது. திருத்தத்தையும் பதில் உரிமையையும் பெற்றுத்தருவது அதன் வேலை. தனிநபர்கள் நடத்தும் முகநூற் பக்கங்களிடம் அதன் கை செல்லாது. அங்கே முதலில் செய்யக்கூடியது, பக்கத்தை நடத்துபவரோடு நேரில் பேசுவதுதான். நம் ஊர்களில் அவர் பெரும்பாலும் யாராவது ஒருவருக்குச் சொந்தக்காரராகவே இருப்பார்.

இத்தகைய செய்தி ஒன்றை எழுதத்தான் வேண்டும் என்று முடிவானால், அதன் அடியில் உதவி எண்ணைச் சேர்ப்பது ஒரு வரிச் செலவு மட்டுமே. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் எண் 1927. மனநல உதவிக்கான தேசிய எண் 1926. செய்தியைப் படிக்கும் ஆயிரம் பேரில் தன் வீட்டில் அதே சிக்கலை வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் சிலராவது இருப்பார்கள்.